இப்ப எங்கடா இருக்கே?

(மாதக் கூட்டமொன்றில் பேசியதன் எழுத்து வடிவம். பேச்சுமொழியைப் பல இடங்களில் அப்படியே விட்டிருக்கிறேன்.)



கவிதை வாசிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். பையில் நாலு கவிதை இருக்குது. ஆனால் ஒரு வருஷத்துக்கும் மேலாக எழுத உட்கார்ந்தால் கவிதை வரவில்லை, கணக்குத்தான் வருகிறது. வங்கிக் குமாஸ்தாவுக்கு அது தொழில் வியாதி என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைக்கு அந்தக் கணக்கையே உங்கள் முன்னால் வைக்கிறேன். தப்பு இருந்தால் திருத்துங்கள்.

2006இலிருந்து 2009 வரை ஓர் அரசு கலைக் கல்லூரியில் பி.ஏ. வரலாறு படித்தேன். 2024 மே மாதம் எங்கள் செட்டுக்காரர்கள் பதினைந்து வருஷம் கழித்து ஒரு கல்யாண மண்டபத்தில் கூடினோம். ஆளுக்கு ஆயிரம் ரூபாய் வசூல், ஒரே நிறத்தில் பனியன், பிரியாணி, ஓய்வுபெற்ற பேராசிரியர்களுக்குப் பொன்னாடை. எல்லாக் கல்லூரியிலும் நடப்பதுதான். வகுப்பில் 52 பேர் இருந்தோம். வந்தது 34. ஆதிதிராவிடர் நல விடுதியிலிருந்து அந்த வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்த ஆண்கள் எட்டுப் பேர். வந்தது நான் ஒருத்தன்.

மண்டபத்தில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஒரே கேள்விதான். "இப்ப எங்கடா இருக்கே?" இது ஊரை விசாரிக்கிற கேள்வி இல்லை. என்ன உத்தியோகம், சொந்த வீடா, கார் இருக்குதா, பிள்ளை எந்த ஸ்கூல் என்பதையெல்லாம் மூணு வார்த்தையில் மடித்துக் கேட்பது. நான் "பேங்க்ல கிளார்க்" என்றேன். ஒருத்தன் தோளில் தட்டி, "சூப்பர்டா, நீங்கள்லாம் ஈசியா போயிடுவீங்களே" என்றான். நான் ஒருத்தன்தானே எதிரில் நிற்கிறேன்? அவன் வாயில் "நீ" வரவில்லை, "நீங்கள்லாம்" வந்தது. 2011 நவம்பரில் பல அரசு வங்கிகளுக்குச் சேர்த்துக் குமாஸ்தா வேலைக்குப் பொது எழுத்துத் தேர்வு முதன்முதலாக வைத்தார்கள். அதற்காக இரண்டு வருஷம் பகலில் ஜெராக்ஸ் கடையில் நின்றேன், ராத்திரியில் படித்தேன். இந்த "ஈசி"யை அவனுக்கு விளக்கவில்லை. பிரியாணி ஆறிவிடும்.

தட்டினவனை நான் மறக்கவில்லை. 2008 நவம்பர் 12 உங்களுக்கு நினைவிருக்கும். சென்னையில் அம்பேத்கர் பெயரிலுள்ள சட்டக் கல்லூரி வாசலில் நடந்த மோதல். கல்லூரியின் பெயரிலிருந்து அம்பேத்கரை வெட்டிவிட்டுச் சுவரொட்டி அடித்ததிலிருந்து வந்த விவகாரம் அது. தொலைக்காட்சி அந்த வெட்டைக் காட்டவில்லை, அடியை மட்டும் திருப்பித் திருப்பிக் காட்டியது. நாங்கள் அப்போது மூன்றாம் ஆண்டு. மறுநாள் காலை வகுப்புக்குப் போனால் எங்கள் பெஞ்சுக்கு முன்னால் ஒரு பெஞ்சு, பின்னால் ஒரு பெஞ்சு காலி. "பாத்து உக்காருங்கப்பா, கட்டையோட வந்திருப்பானுங்க" என்று ஒருத்தன் சொன்னான், வகுப்பே சிரித்தது. அவன்தான் இப்போது தோளில் தட்டினவன். அந்த நாளை அவன் மறந்திருப்பான். மறப்பதும் ஒரு வசதிதான்.

மத்தியானம் இறந்துபோன நண்பர்களுக்கு இரண்டு நிமிஷம் அஞ்சலி. இரண்டு பெயர் வாசித்தார்கள். நானும் தலைகுனிந்து நின்றேன். அந்த இரண்டு நிமிஷத்தைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

விடுதியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அங்கே எங்களுக்குப் பேர் கிடையாது, ஊர்தான் பேர். நான் செஞ்சி. மற்றவன்கள் வானூர், மரக்காணம், சின்னசேலம், திட்டக்குடி, சங்கராபுரம், உளுந்து, கோவிலூர். உளுந்தூர்ப்பேட்டையைச் சுருக்கி உளுந்து. எட்டு ஊரும் ஒரே ரூமில் பாய் விரித்துப் படுத்துக்கிடந்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் யாரும் 'ஊரி'ல் பிறந்தவர்கள் இல்லை, சேரியில் பிறந்தவர்கள். எந்த ஊர்த்தெருவில் எங்கள் தாத்தன் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்தானோ அந்த ஊரின் பேரை விடுதியில் நாங்கள் பட்டம் மாதிரிச் சுமந்தோம். 2025 ஜூலையில் இந்த விடுதிகளுக்கெல்லாம் 'சமூக நீதி விடுதி' என்று அரசு பேர் மாற்றியது. நல்லதுதான். குழம்பும் அப்படி மாறினால் இன்னும் நல்லது.

சந்திப்பு முடிந்து ஒரு மாதத்துக்குள் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் சாராயச் சாவு. 2024 ஜூன். அறுபது பேருக்கு மேல் போய்ச் சேர்ந்தார்கள். பெரும்பாலும் கூலிக்குப் போகிற சனங்கள். செய்தி ஓடிக்கொண்டிருக்கும்போதே சின்னசேலத்துக்குப் போன் போட்டேன், எட்டு ஒன்பது வருஷம் கழித்து. பழைய நம்பர்தான், எடுத்தான். "நான் சாவலைடா, உயிரோடதான் இருக்கேன்" என்றான், ஹலோவுக்குப் பதிலாக. அன்றைக்கு மட்டும் அவனுக்கு வந்த ஏழாவது போனாம் அது. நம்ம சனம் செத்தால்தான் நாம் ஒருத்தருக்கொருத்தர் போன் பண்ணுகிறோம். அவன் பெங்களூரில் கட்டட வேலைக்குக் கம்பி கட்டப் போகிறான். மேஸ்திரிக்குக் கணக்கு எழுதித் தருவான், அதற்குத் தனியாகக் கொஞ்சம் காசு. "டிகிரி அதுக்குத்தாம்பா உதவுது" என்றான். பேச்சுக்கு நடுவில் நான், "மரக்காணம் நம்பர் இருக்குதா?" என்றேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

"டேய், அவன் செத்து எட்டு வருஷம் ஆவுதுடா. உனக்குத் தெரியாதா?"

மண்டபத்தில் நான் தலைகுனிந்து நின்ற இரண்டு நிமிஷத்தில் அவன் பெயர் இல்லை. பட்டியல் போட்டவர்களைக் குறை சொல்லி இங்கே கைதட்டு வாங்கிவிடலாம். மூன்று வருஷம் பக்கத்துப் பாயில் படுத்திருந்தவன் நான். எனக்கே தெரியாதபோது அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மரக்காணத்துக்குப் போனேன். அவன் அப்பா, அம்மா இரண்டு பேரும் உப்பளத்தில் கூலிக்குப் போனவர்கள். வருஷத்தில் மழைக்கால மாதங்கள் வேலை இருக்காது. அந்த மாதங்களில் விடுதிக்கு அவனுக்கு வீட்டிலிருந்து பணம் வராது. எட்டாகப் பிரித்து நாங்கள்தான் சமாளிப்போம். அரியர் ஒரு பேப்பரை 2010இல்தான் முடித்தான். பாண்டிச்சேரியில் ஒரு கம்பெனிக்குப் பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை. 2016இல் கிழக்குக் கடற்கரைச் சாலையில் ராத்திரி வண்டியோடு போனவன்மேல் வேன் மோதிவிட்டது. அவன் அம்மா என்னைப் பார்த்து, "நீ செஞ்சிதானப்பா?" என்றார்கள். பேர் தெரியாது, ஊர் தெரிகிறது. உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பை கொண்டுவந்தார்கள். எல்லா மதிப்பெண் சான்றிதழும் இருந்தது, பட்டம் மட்டும் இல்லை. பணம் கட்டி வாங்க வேண்டும், வாங்காமலே விட்டிருக்கிறான். "அத்த இப்ப வாங்க முடியுமா தம்பி?" என்று கேட்டார்கள். எதுக்கும்மா என்று நான் கேட்கவில்லை. பல்கலைக்கழகத்துக்கு எழுதிப்போட்டு வாங்கிக் கொடுத்தேன். ஆறு மாதம் ஆனது.

அங்கிருந்துதான் ஒவ்வொருத்தனாகத் தேட ஆரம்பித்தேன்.

திட்டக்குடி எங்களில் நல்லாப் படிக்கிறவன். பி.எட். முடித்து 2013 ஆசிரியர் தகுதித் தேர்வில் தேறினான். அந்த வருஷம் ரூமுக்கே வேலை கிடைத்த மாதிரிச் சந்தோஷப்பட்டோம். முதலில் வெயிட்டேஜ் என்றார்கள். 2018இல் அரசாணை 149 போட்டு, தகுதித் தேர்வில் தேறினவர்களும் இன்னொரு போட்டித் தேர்வு எழுத வேண்டும் என்றார்கள். சான்றிதழ் ஏழு வருஷத்துக்குத்தான் செல்லும் என்று இருந்ததைப் பிறகு ஆயுளுக்கும் செல்லும் என்று மாற்றினார்கள். "ஆயுளுக்கும் செல்லுண்டா. நாந்தான் செல்ல மாட்டேங்கிறேன்" என்கிறான். ஒரு தனியார் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்துகிறான். அரசியல் சட்டப் பாடம் வந்தால் மட்டும் குரல் தானாக ஏறிவிடுமாம்.

உளுந்து குவைத்தில் டிரைவர். கோவிலூர் கிராம நிர்வாக அலுவலர். ஆபீசுக்குப் போன் பண்ணாதே என்று சொல்லிவிட்டான். சாதி தெரியாத ஊரில் வாடகைக்கு இருக்கிறான், பையனுக்கு முதலெழுத்தோடு சாமி பேரும் வைத்திருக்கிறான். ஒரு காலத்தில் இதை வைத்து ஒரு கிண்டல் கவிதை எழுதியிருப்பேன். இப்போது எழுதமாட்டேன். மூன்று வீடு காலி பண்ணினவனுக்குத்தான் நாலாவது வீட்டின் அருமை தெரியும்.

சங்கராபுரத்தைப் பார்த்தேன். அவன் எங்கே இருக்கிறான் என்று இங்கேயும் சொல்லமாட்டேன். 2012இல் வேறு சாதிப் பெண்ணைக் கல்யாணம் பண்ணிக்கொண்டு கிளம்பினவன். அந்த நவம்பரில் தருமபுரி நத்தம் காலனி எரிந்தது. அடுத்த ஜூலையில் இளவரசன் தண்டவாளத்தில் கிடந்தான். அப்போதே நம்பரை மாற்றிவிட்டான். 2018இல் உச்ச நீதிமன்றம் இப்படிப்பட்டவர்களுக்கு மாவட்டந்தோறும் தனிப் பிரிவு அமைத்துப் பாதுகாப்புத் தரச் சொன்னது. அவனிடம் சொன்னேன். "மனு கொடுக்கணும்னா முகவரி எழுதணும்லடா" என்றான். 2025 ஜூலையில் பாளையங்கோட்டையில் கவினை வெட்டினார்கள். மென்பொருள் பொறியாளர், கை நிறையச் சம்பளம். படிச்சு மேலே வந்துட்டா எல்லாம் சரியாயிடும் என்று நமக்குச் சொல்கிறவர்கள் அன்றைக்கு என்ன சொன்னார்கள் என்று கேட்க ஆசை.

வகுப்பில் நம் பெண்கள் மூன்று பேர். முதல் மார்க் எப்போதும் அவர்களில் ஒருத்திக்குத்தான், எங்களுக்கு இல்லை. ஒருத்தருடைய நம்பரும் என்னிடம் இல்லை. ஏழு ஆம்பளைகளைத் தேடினவனுக்கு இந்த மூன்று பேரைத் தேடணும் என்று தோன்றவே நாலு மாதம் பிடித்தது. இதையும் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள். இரண்டு பேரை இன்னும் கண்டுபிடிக்க முடியவில்லை. முதலெழுத்து மாறிவிட்டது, ஊர் மாறிவிட்டது, போனை எடுத்தால் புருஷன்காரன் "யாரு நீ?" என்கிறான். முதல் மார்க் வாங்கின தோழர் எம்.ஏ., எம்.ஃபில்., நெட் எல்லாம் முடித்து ஓர் அரசு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளர். வருஷத்துக்குப் பதினொரு மாதச் சம்பளம், மே மாதம் சாப்பிடத் தேவையில்லை என்று அர்த்தம். அவர் என்னிடம் கேட்டார்: "ஏன், உங்க சந்திப்புக்கு எங்களைக் கூப்பிடணும்னு யாருக்கும் தோணலியா? இல்ல, நீங்க கேக்கலியா?" நான் கேட்கவில்லை என்பதுதான் பதில்.

இனி வானூர். நான் இங்கே பேச வந்ததே இவனுக்காகத்தான். இவ்வளவு நேரம் சுற்றி வந்ததற்குக் காரணம் பயம்.

2019இல் பாண்டிச்சேரி எல்லையோரம் ஒரு கிளையில் இருந்தேன். மூன்றாம் எண் கவுண்டர். ஒரு நாள் பதினொரு மணிக்கு வானூர் உள்ளே வருகிறான். கையில் ஒரு ஃபைல், சட்டை இஸ்திரி போட்டிருக்கிறான். நான் பார்த்துவிட்டேன். நேராக மேலாளர் அறைக்குப் போனான். தாட்கோ மூலமாகச் சரக்கு ஆட்டோ வாங்கக் கடன் கேட்டு வந்திருக்கிறான். தாட்கோ கடனில் மானியம் அவர்கள் தருவார்கள், கடனை வங்கி தரணும். வங்கி கையெழுத்துப் போடவில்லை என்றால் மானியம் கோப்பிலேயே கிடக்கும். கண்ணாடித் தடுப்பு என்பதால் எல்லாம் கேட்கிறது. மேலாளர் ஃபைலைத் தொடவேயில்லை. "இதெல்லாம் திரும்பி வராதுப்பா, ஏற்கெனவே குடுத்ததே வாராக்கடனா நிக்குது. வேற பேங்க் பாரு." இரண்டு நிமிஷம்கூட இருக்காது.

இப்போது விதியைச் சொல்கிறேன். நம்மில் பலருக்குத் தெரியாது, அதனால் நிதானமாகக் கேளுங்கள். தாழ்த்தப்பட்டவர், பழங்குடியினர் கொடுக்கிற கடன் விண்ணப்பத்தைக் கிளை மேலாளர் தானே தள்ளுபடி செய்யக்கூடாது, அதற்கு அடுத்த மேல்நிலையில்தான் தள்ளுபடி செய்யணும், காரணத்தை எழுதணும் என்று ரிசர்வ் வங்கியின் சுற்றறிக்கை இருக்கிறது. முன்னுரிமைக் கடன் விண்ணப்பத்துக்கு ஒப்புகை தரணும். வந்த தேதி, என்ன ஆனது என்று பதிவேட்டில் ஏற்றணும். இத்தனையும் இருக்கும்போது எப்படி மறுக்கிறார்கள்? சுலபம். விண்ணப்பத்தைக் கையில் வாங்குவதே இல்லை. வாங்காத விண்ணப்பத்தை யாரும் தள்ளுபடி செய்ய முடியாதல்லவா? வாயால் சொல்வதற்குப் பதிவேடு கிடையாது. எங்கள் கிளையில் அந்தத் தலைப்பில் தள்ளுபடி பூஜ்யம். ஆய்வுக்கு வந்த அதிகாரி பாராட்டிவிட்டுப் போனார்.

இந்தச் சுற்றறிக்கை எனக்கு அன்றைக்கே தெரியும். பதவி உயர்வுத் தேர்வுக்கு மனப்பாடம் பண்ணியிருந்தேன். எழுந்து போய், "சார், வாங்கி வச்சுக்குங்க, ஒப்புகை குடுங்க" என்று சொல்லியிருக்கலாம். நான் குனிந்து நோட்டு எண்ணினேன். எண்ணின கட்டையே திரும்ப எண்ணினேன். மேலாளர் என் இடமாற்ற விண்ணப்பத்துக்குப் பரிந்துரை எழுதவேண்டிய மாதம் அது. வானூர் வெளியே போகிறபோது என் கவுண்டரைப் பார்க்கவில்லை. பார்க்கவில்லை என்றுதான் ஐந்து வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து வருஷத்தில் இதே மாதிரி மேடைகளில் எத்தனை ஆவேசக் கவிதை வாசித்தேன் என்பதையும் எண்ணிப்பார்த்தேன். 1956 மார்ச்சில் ஆக்ராவில் படித்தவர்களைப் பற்றி அம்பேத்கர் மனம் நொந்து பேசினாரே, அதை என் வீட்டுச் சுவரில் ஒட்டிவைத்திருக்கிறேன். யாரையோ சொல்கிறார் என்று நினைத்துத்தான் ஒட்டினேன்.

2024 டிசம்பரில் அவன் வீட்டுக்குப் போனேன். அவன் மனைவி டீ வைத்தார். பெண் ஒன்பதாம் வகுப்பு. தட்டு நிறைய முறுக்கு வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் விடுதிக் கதையாகப் பேசினோம். பிறகு அவனாகவே, சாதாரணமாக, "நீ அன்னிக்கு மூணாம் நம்பர்ல இருந்தே இல்ல?" என்றான்.

"பாத்தியா?"

"உள்ள வரும்போதே பாத்தேன். உன்னப் பாத்துதாண்டா தைரியமா உள்ள போனேன்."

அவன் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. திட்டியிருந்தால் நல்லா இருந்திருக்கும்.

நடந்தது இதுதான். நாங்கள் மறுத்ததும் ஒரு தனியார் ஃபைனான்சில் போய் வண்டி எடுத்திருக்கிறான். எங்கள் வட்டியைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. பத்து மாதம் தவணை தவறாமல் கட்டினான். 2020 மார்ச்சில் ஊரடங்கு. ஆகஸ்ட் வரைக்கும் தவணையைத் தள்ளிப்போடலாம் என்று ரிசர்வ் வங்கி சொன்னது. ஆனால் வட்டி ஓடிக்கொண்டே இருந்தது. செப்டம்பரில் மொத்தமாகக் கேட்டார்கள். அக்டோபரில் விடியற்காலை நாலு பேர் வந்து வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இப்போது அதே மாதிரி இன்னொருத்தர் வண்டியை நாள் கூலிக்கு ஓட்டுகிறான். அவன் பேரில் சிபில் கெட்டுவிட்டது. 2019இல் அவனுக்குக் கடன் மறுக்க எங்களிடம் ஒரு காரணமும் இல்லை. மறுத்ததே இன்றைக்குக் காரணத்தை உண்டாக்கிவிட்டது. எவ்வளவு சுத்தமான வேலை பாருங்கள்.

சுற்றறிக்கை விஷயத்தை அவனிடம் சொன்னேன். அன்றைக்கே எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தான். "இப்ப திரும்பக் குடுத்தா?" என்றான். சிபிலைக் காட்டி மறுத்துவிடுவார்கள் என்றேன். "மறுக்கட்டுண்டா. அன்னிக்கி நாயத் தொரத்தற மாதிரி வாயால தொரத்தினான். முடியாதுன்னா முடியாதுன்னு எழுதிக் குடுக்கட்டும். எம் பொண்ணுக்குக் காட்டணும், அப்பன் கேட்டான்னு."

தாட்கோவுக்கு மறுபடி மனுப் போட்டு, பரிந்துரை வந்து சேரவே மாதங்கள் ஓடின. கடிதம் கைக்கு வந்ததும் நான் லீவு போட்டுக்கொண்டு அவனோடு அதே கிளைக்குப் போனேன். நான் இப்போது வேறு கிளை. பழைய மேலாளர் இல்லை, புதியவர். அவரும் ஃபைலைத் தொடாமல்தான் பேச ஆரம்பித்தார். நான் சுற்றறிக்கை நகலை எடுத்து மேசையில் வைத்தேன். "நீங்க ஸ்டாஃப். நீங்களே இப்படிப் பண்ணலாமா?" என்றார். என் ஊழியர் எண்ணைக் கேட்டுக் குறித்துக்கொண்டார். வானூர் ஒரு வார்த்தை பேசவில்லை, நாற்காலியை விட்டு எழவும் இல்லை. நாற்பது நிமிஷம். மூன்றாம் எண் கவுண்டரில் ஒரு சின்னப் பெண் உட்கார்ந்திருந்தது. எங்களையே பார்த்துக்கொண்டிருந்தது. கடைசியில் முத்திரை குத்தி, தேதி போட்டு, ஒப்புகைச் சீட்டைக் கொடுத்தார்கள். வெளியே வந்து ஜெராக்ஸ் நாலு எடுத்தோம். ஒன்று என் பையில் இருக்குது, அந்தக் கவிதைகளோடு.

அது நடந்து இன்றைக்கு நாற்பத்திரண்டு நாள் ஆகிறது. பதில் வரவில்லை. எனக்கு ஒரு விளக்கம் கேட்டுக் கடிதம் வந்திருக்கிறது, அதற்கு நாளைக்குப் பதில் கொடுக்கணும். சங்கத் தோழர் ஒருத்தரோடு உட்கார்ந்து எழுத வேண்டும், பஸ் எட்டரைக்கு. ஒப்புகைச் சீட்டு யாருக்காவது மாதிரிக்கு வேண்டுமென்றால் இப்போதே வாங்கிப் பார்த்துக்கொள்ளுங்கள்.